பச்சை விலை, காய்ந்த விலை

மதியம் இரண்டு பத்துக்கு செல்போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தார் ஒச்சப்பன். பதினொரு மணியிலிருந்து அதைக் கையில் வைத்துக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்திருந்தது எதிர்முனையில் இருப்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

"அண்ணே, கடைசி ரேஸு. நூறாவது!" முபினின் குரல் மூச்சு வாங்கியது. "நோட்டு இருக்கா?"

"இருக்கு பாய். சொல்லுங்க."

"ஆறாம் நம்பர் குதிரை. அரை மணிக்கு முன்னாடி அஞ்சு. இப்ப நாலு... இருங்க இருங்க... மூணு! யாரோ மொத்தமா எறங்கிட்டான்ணே!"

ஒரு ரூபாய் கட்டினால் ஐந்து ரூபாய் லாபம் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த, பந்தயப் பணம் வாங்குகிற புக்கி, ஓட்டம் தொடங்க இரண்டு நிமிடம் இருக்கும்போது மூன்றுதான் தருவேன் என்கிறான். அப்படியென்றால் யாரோ விஷயம் தெரிந்தவன் அந்தக் குதிரையின் மேல் பெரிய தொகையைக் கொட்டியிருக்கிறான். கடைசி நிமிடத்தில் இப்படி விலை இறங்கும் குதிரையின் பின்னாலேயே போனால் காசு வருமா, வராதா?

பத்து மாதமாக இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

"ஓட ஆரம்பிச்சிருச்சு! ஆறு ரெண்டாவதா வருது... வளைவுல திரும்பிட்டான்... வாடா, வாடா... அட, விட்டுட்டானே! மூணாவது."

"போச்சா?"

"போச்சு. போகட்டும், ஒண்ணுதானே! மொத்தம் போட்டு வைங்க. நாலு மணிக்குக் கூப்புடுறேன்."

போன் அணைந்தது. கீழே சரிவு முழுக்க ஏலச்செடி. அதற்கு நடுவே தகரக் கூரை போட்ட ஸ்டோர். பறித்து வரும் பச்சைக்காயை விறகுச் சூட்டில் உலர்த்துகிற அந்தக் கொட்டகையில்தான் ஒச்சப்பனுக்கு வேலை, சாப்பாடு, படுக்கை எல்லாம். போடிமெட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே. சிக்னல் கிடைப்பது இந்த ஒரு பாறையில் மட்டும்.

மொத்தம் போட அவருக்கு நாலு மணி வரைக்கும் நேரம் தேவைப்படவில்லை. முடிவு அவருக்கு இரண்டு மாதத்துக்கு முன்பே தெரியும்.

சொல்வதா, வேண்டாமா? அதுதான் தெரியவில்லை.

*

முபினை அவர் நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை. போன ஜனவரியில்.

போடி ஏலக்காய் ஏலத்தில் வடக்கத்தி வியாபாரிகளுக்காக உட்கார்ந்து காய் எடுத்துத் தருகிறவர் முபின். சரக்குப் பார்க்க மேலே வந்த அன்று காட்டுமழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் மரம் விழுந்து, ஒரு பகல் முழுக்க ஸ்டோரிலேயே மாட்டிக்கொண்டார். பொழுது போக குதிரைப் பேச்சு எடுத்தவர் முபின்தான்.

"ஏலத்துல பாத்திருக்கீங்களாண்ணே? கடைசி நொடியில ஒருத்தன் அம்பது ரூபா ஏத்துவான். அவன் பின்னாடியே நானும் ஏத்துவேன். இதுவரைக்கும் சரக்கு மோசம் போனதே இல்ல. தெரிஞ்சவன்தான் கடைசியில ஏத்துவான். குதிரையும் அப்படித்தான் இருக்கணும்ல?"

"எனக்கு என்ன பாய் தெரியும்? நான் கழுதையக்கூட நேர்ல பாத்து வருசமாச்சு."

முபின் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் பலகையில் கிடந்த ஸ்டோர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். சிரிப்பு நின்றது. இத்தனை கிலோ பச்சையாக வந்தது, இத்தனை கிலோ காய்ந்து இறங்கியது என்று இருபத்திரண்டு வருடத்து எழுத்து. ஓர் இடத்திலும் அடித்தல் இல்லை. திருத்தம் இருந்தால் பக்கத்தில் தேதி, கையெழுத்து.

"அண்ணே, எனக்கு ஒரு உதவி. நூறு ரேஸு. ஒரு பைசா கட்டாம சும்மா எழுதிப் பாப்போம், ஒவ்வொண்ணுக்கும் நூறு ரூபா கட்டுன மாதிரி. நான் விலையச் சொல்றேன், நீங்க எழுதுங்க. என் கையில நோட்டு இருந்தா ஆசையில நானே திருத்திருவேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. சென்னை, பெங்களூர், மைசூர், ஊட்டி. எங்கே ஓடினாலும் சனிக்கிழமை மதியம் போன் வரும். சில வாரம் ஞாயிறும் வரும். விலை சொல்வதற்கு ஒரு நிமிடம். மிச்சம் முக்கால் மணி நேரம் வேறு பேச்சு. முபினின் முட்டி வலி. மச்சான்களின் வம்பு. ஏல ஹாலில் ஏசி ஓடாதது. தேவாரத்தில் யானை புகுந்து எவனுடைய தென்னையைச் சாய்த்தது. ஒச்சப்பன் "ம்" கொட்டுவார். சில நேரம் அவரும் ஏதாவது சொல்வார். சொல்லி முடித்த பிறகு, இவ்வளவு நேரம் பேசியது நாம்தானா என்று அவருக்கே ஆச்சரியமாக இருக்கும்.

மனைவி சந்திரவல்லி மகளுக்குப் பிள்ளை பார்க்க இரண்டு மாதம் என்று திருப்பூர் போனவள். மூன்று வருடம் ஆகிவிட்டது. அவர் சம்பளப் பணம் அனுப்புகிற அன்று மட்டும் போன் செய்வாள். வந்துவிட்டதா என்று கேட்பார், வந்துவிட்டது என்பாள்.

நோட்டில் ஒச்சப்பன் கோடு போட்டது ஸ்டோர் வழக்கப்படி. அரை மணிக்கு முந்தைய விலை பச்சைக் கட்டத்தில். கடைசி நிமிட விலை காய்ந்த கட்டத்தில்.

தப்பு நடந்தது அங்கேதான்.

எழுபது ரேஸ் முடிந்தபோது முபின் கணக்குக் கேட்டார். ஸ்டோரில் பறிகூலி எப்போதும் பச்சை எடைக்குத்தான். கை பழகிய பழக்கத்தில் பச்சைக் கட்டத்தையே கூட்டினார் ஒச்சப்பன். ஏழாயிரம் கட்டியதற்கு எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது.

"லாபம் பாய்" என்றார்.

"ஆத்தாடி! சொன்னேன்ல?" என்று முபின் கத்தியதில் காது வலித்தது. அன்று ஒன்றரை மணி நேரம் பேசினார். பத்து மாதத்தில் அதுதான் நீளமான போன்.

அடுத்த நாள் தட்டில் காய் பரப்பிக்கொண்டிருந்தபோது உறைத்தது. எந்தக் குதிரைக்கு விலை இறங்கப்போகிறது என்று அரை மணிக்கு முன்னால் யாருக்குத் தெரியும்? இறங்கிய பிறகுதான் தெரியும். அப்போது கிடைப்பது காய்ந்த விலைதான். மறுபடி கூட்டினார். ஆறாயிரத்து நானூறு. அறுநூறு நஷ்டம்.

பக்கத்திலேயே சரியான தொகையை எழுதினார். தேதி போட்டார், செப்டம்பர் 14. கையெழுத்தும் போட்டார். கை தானாகச் செய்த வேலை.

சனிக்கிழமை போன் வந்தது. சொல்ல வாயைத் திறந்தார். "அண்ணே, இந்த வாரம் என்ன குழம்பு?" என்று கேட்டார் முபின். குழம்பைப் பற்றிச் சொன்னார். கணக்கைச் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமையும் சொல்லவில்லை.

நஷ்டம் என்று தெரிந்துவிட்டால், எதற்காக போன் செய்யப்போகிறார்?

*

நாலு மணி. போன்.

"சொல்லுங்கண்ணே. எனக்கு நெஞ்சு அடிக்குது."

நோட்டு விரிந்து கிடந்தது. நூறு ரேஸ். முப்பத்தொரு வெற்றி. கட்டியது பத்தாயிரம். பச்சை விலையில் பன்னிரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பது. காய்ந்த விலையில் ஒன்பதாயிரத்து நூற்று எண்பது.

"பன்னெண்டாயிரத்து முந்நூத்தி அம்பது" என்றார் ஒச்சப்பன்.

எதிர்முனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாரோ என்று பட்டது.

"அண்ணே" என்றார் முபின் கடைசியில். "இனிமே சும்மா எழுதறது கிடையாது. நெசமாக் கட்டப்போறோம். வாரா வாரம் சனி, ஞாயிறு ரெண்டு நாளும். நீங்கதான் கணக்கு. சம்மதமா?"

வாரா வாரம். இரண்டு நாள்.

"சம்மதம்" என்றார்.

"ஏலத்துல கட்டியிருந்த டெபாசிட்டைத் திருப்பி வாங்கிட்டேன். ஆறு லட்சம். அத வச்சே ஆரம்பிப்போம். நாளைக்கு மூணு மணிக்கு மதுரையிலருந்து புக்கியோட ஆளு பைக்குல வந்து வாங்கிக்கிறான்."

அந்த டெபாசிட் இல்லையென்றால் ஏல ஹாலில் முபினுக்கு நாற்காலி கிடையாது. இருபது வருடமாக உட்கார்ந்த நாற்காலி. வேறு தொழிலும் தெரியாது.

"பாய், அது எதுக்கு..."

"பயப்படாதீங்கண்ணே! வைக்கிறேன், சுரையா கூப்புடுறா."

*

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பாறையில் நின்று அவரே நம்பரை அழுத்தினார். பத்து மாதத்தில் முதல் தடவை.

"பாய், கணக்கு தப்பு. லாபம் இல்ல, நட்டம்."

முபின் சிரித்தார். "ராத்திரி தூங்கலையா? ஆறு லட்சம்னதும் ஆடிப்போயிட்டீங்களா?"

"நெசமாச் சொல்றேன். எண்ணூத்தி இருவது நட்டம்."

"நேத்து லாபம்னீங்க, எழுபதாவதுலயும் லாபம்னீங்க. ஒரு ராத்திரியில எப்படிண்ணே நட்டமாச்சு? எனக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னு பொய் சொல்றீங்க. நல்ல மனசு."

"பாய்..."

"நோட்டைக் கண்ணுல காட்டுங்க, நம்புறேன். அதுவரைக்கும் இந்தப் பேச்சு வேணாம்." வைத்துவிட்டார்.

ஒச்சப்பனிடம் இருப்பது பட்டன் போன். படம் எடுத்து அனுப்ப வழியில்லை. ஸ்டோரில் முந்நூறு கிலோ பச்சை பாதிச் சூட்டில் கிடக்கிறது. விறகு தள்ளாமல் விட்டால் காய் வெளுத்துப் போகும்.

தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு ஓடினார். துணி துவைத்துக்கொண்டிருந்த ஜக்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சாயந்தரம் வரைக்கும் அடுப்பப் பாத்துக்க ஆத்தா. நான் வெரசா போடி போகணும்."

"ஓகோ! கடைசியில கெளம்பிட்டீரா?" அவள் சோப்புக் கையோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "சனிக்கெழமையானா பாறைமேல ஏறி நின்னு சிரிக்கிறீரு. ஊரே பேசுது. யாருய்யா அவ?"

"அவ இல்ல. ஒரு பாய். ஏலத்துக்காரரு."

"பாயா?" ஜக்கம்மாளுக்குச் சப்பென்று போய்விட்டது. "இதுக்கா நாங்க பத்து மாசம் மண்டையப் பிச்சோம்? போயிட்டு வாரும். எத்தன கட்டை தள்ளணும்?"

"மணிக்கு நாலு."

"மூணு போதும். நான் பாக்காத அடுப்பா?"

*

போடிமெட்டு வரைக்கும் நடை. பத்து மணிக்குப் போகிற பஸ்சு போய்விட்டது. வேலை நாள் என்றால் ஆள் ஏற்றும் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். இன்று ஒன்றும் இல்லை. ஒரு மணிக்கு, சந்தைச் சாமான் வாங்கக் கீழே இறங்கிய ஜீப்பு ஒன்றில் பின்னால் தொற்றிக்கொண்டார்.

பதினேழு கொண்டை ஊசி வளைவு. மடியில் நோட்டு.

நாலாவது வளைவில்தான் அந்த யோசனை வந்தது.

எழுபதாவது ரேஸ் பக்கம். அதில்தானே செப்டம்பர் தேதி இருக்கிறது? அந்த ஒரு தாளைக் கிழித்துவிட்டால்? தப்பு இன்று காலைதான் தெரிந்தது என்று சொல்லிவிடலாம். பணமும் தப்பிக்கும், பழக்கமும் தப்பிக்கும். கணக்குத் தப்பு யாருக்கு வராது? முபின் சிரித்துவிட்டு மன்னித்துவிடுவார். குதிரை இல்லாவிட்டாலும் எப்போதாவது கூப்பிடக்கூடும்.

தாளின் ஓரத்தை விரலால் பிடித்தார்.

ஜீப்பு வளைந்தது. பக்கத்து ஆளின் தோளில் போய் இடித்தார்.

கிழித்தால்? பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டிருக்கிறார். ஒரு தாள் குறைந்த நோட்டைக் கொண்டுபோய் நம்பு என்றால் முபின் நம்புவாரா? இருபது வருடமாகச் சாம்பிள் பார்த்தே சரக்கின் குறை சொல்கிற கண். பயத்தில் நோட்டையே மாற்றிவிட்டீர்கள் என்பார். பணத்தைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்.

ஒச்சப்பன் விரலை எடுத்தார். நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். மணி ஒன்று நாற்பது. மலையடிவாரத்து முந்தலில் லாரி ஒன்று குறுக்கே நின்று இருபது நிமிடம் தின்றது.

*

விசாரித்துப் போய்த் தட்டிய வீட்டில் கதவைத் திறந்தது முபினின் மனைவி சுரையா.

"யாரு?"

"போடிமெட்டு ஸ்டோர்லருந்து..."

"நீங்கதானா அது! வாங்கண்ணே. சனிக்கெழமையானா எங்க வீட்டுக்காரருக்கு நான் கண்ணுக்கே தெரியமாட்டேன். என்னதான் பேசுவீங்க அப்படி? மாடியில இருக்காரு, போங்க. டீ கொண்டாறேன்."

மாடியில் நின்றவரைப் பார்த்து ஒச்சப்பன் ஒரு கணம் தயங்கினார். பத்து மாதத்தில் அந்த முகத்தை மறந்தே போயிருந்தார். குரலுக்கு அவர் மனதில் பொருத்தி வைத்திருந்தது உயரமான, அகன்ற ஒரு ஆளை. இவர் குள்ளம். முன்வழுக்கை. மேசைமேல் மஞ்சள் துணிப்பை.

"அண்ணே! நெசமாவே வந்துட்டீங்களே!"

மணி இரண்டு நாற்பத்தைந்து. ஒச்சப்பன் நோட்டை நீட்டினார்.

"ரெண்டு கட்டம் இருக்கு பாய். நான் கூட்டுனது பச்சை. அந்த விலை நமக்குக் கெடைக்காது. எறங்குனதுக்கு அப்புறம்தானே எந்தக் குதிரைன்னு நமக்குத் தெரியுது?"

முபின் உட்கார்ந்தார். விரல் கட்டம் கட்டமாக இறங்கியது. உதடு அசைந்தது. பக்கம் புரண்டது.

"முப்பத்தொண்ணு ஜெயிச்சிருக்கேண்ணே" என்றார் தாழ்ந்த குரலில். "மூணுல ஒண்ணு. கண்ண மூடிக் கட்டுனா இவ்வளவு வருமா? அவனுக்கு விஷயம் தெரிஞ்சுதானே எறங்குறான்?"

"தெரிஞ்சுதான் எறங்குறான். குதிரையும் ஜெயிக்குது. சராசரியா அவன் மூணுல வாங்கிட்டுப் போயிடுறான். நமக்கு மிச்சம் ரெண்டு. அந்த ரெண்டுக்கு இந்த ஜெயிப்பு பத்தல."

"ஏலத்துல நான் பின்னாடி போறது?"

"அங்க ரேட்டு கூடக் குடுத்தாலும் காய் உங்க கையில இருக்கும். வித்துக்கலாம். தோத்த குதிரைய யார்கிட்ட விப்பீங்க?"

தெருவில் பைக்கு ஹாரன் அடித்தது. இரண்டு முறை. நிறுத்தி, மூன்றாவது முறை.

முபின் எழுந்து ஜன்னலுக்குப் போனார். மஞ்சள் பையைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார்.

"இன்னிக்கு இல்லப்பா! போயிட்டு வா!" என்று கீழே பார்த்துக் கத்தினார் முபின்.

"என்ன பாய், மதுரையிலருந்து வந்திருக்கேன்!"

"பெட்ரோல் காசு அனுப்புறேன். இனிமே வரவேணாம்."

பைக்கு உறுமிக்கொண்டு போனது. முபின் திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்தார். முகமெல்லாம் வேர்வை. "நாளைக்குக் காலையில போய்த் திருப்பிக் கட்டிர்றேன்" என்றவர், சும்மா நோட்டைப் புரட்டினார். எழுபதாவது ரேஸ் பக்கத்தில் விரல் நின்றது.

"இது என்னண்ணே? செப்டம்பர் பதினாலு?"

ஒச்சப்பன் பார்வையை ஜன்னலுக்குத் திருப்பினார்.

"ஆறாயிரத்து நானூறுன்னு திருத்தி, கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"ரெண்டு மாசமாவா? நேத்து நாலு மணிக்கும் தெரியும்?"

"தெரியும் பாய்."

சுரையா டீயை வைத்துவிட்டு இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

"நானே திருத்திருவேன்னு பயந்துதானே உங்ககிட்டக் குடுத்தேன்" என்றார் முபின். கோபம் இல்லாத அந்தக் குரல்தான் ஒச்சப்பனை என்னவோ செய்தது. "ஏண்ணே?"

"நட்டம்னு சொன்னா... நீங்க போன் பண்ண மாட்டீங்க."

முபின் டீ டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"பேச ஆளு வேணும்னா கேட்டிருக்கலாமேண்ணே."

"எப்படிக் கேக்கறது பாய்?"

முபின் நோட்டை மூடி மேசையின் இந்தப் பக்கம் தள்ளினார்.

"இப்பக் கேட்டாலும் எனக்குப் பேச்சு வராதுண்ணே. நீங்க 'ம்'னு சொன்னாக்கூட, இவரு எத மறைக்கிறாருன்னுதான் தோணும். இருந்து சாப்ட்டுப் போங்க. சுரையா கறி எடுத்து வச்சிருக்கா."

"இல்ல பாய். அடுப்பு எரியுது, சோலி கெடக்கு."

"செரி."

படி இறங்கும்வரை முபின் கூடவே வந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது ஒச்சப்பன் நிமிர்ந்தார். முட்டி வலி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்க நினைத்தார். கேட்கவில்லை.

*

மேலே ஏறும் ஜீப்பு நிறைந்து வழிந்தது. அரிசி மூட்டை, மண்ணெண்ணெய்க் கேன், கோழி. பெண்கள் ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்து சந்தை விலையைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். டிரைவர் எதற்கோ சிரித்தான்.

ஒச்சப்பனுக்கு எதிரே இருந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். சாமான் எதுவும் இல்லை. ஒரு நோட்டு மட்டும்.

"ஒண்ணும் வாங்கலையாண்ணே?"

"இல்லம்மா. ஒருத்தரப் பாக்க வந்தேன்."

"சொந்தக்காரவுகளா?"

"இல்ல."

"கூட்டாளியா?"

ஒச்சப்பன் கொஞ்சம் யோசித்தார்.

"தெரிஞ்சவரு" என்றார்.

அவள் தலையாட்டிவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம் தக்காளி விலைக்குத் திரும்பினாள். ஜீப்பில் பதினாலு பேர் இருந்தார்கள். இறங்குகிற வரைக்கும் வேறு யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.